குகையை ராஜா வெட்டினார்

போன வருடம் என் மகளின் தேர்வுத்தாள் வீட்டுக்கு வந்தபோது ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தது. கேள்வி: குகைகள் எவ்வாறு உருவாகின்றன? இரண்டு மதிப்பெண். அவள் எழுதியிருந்ததும் இரண்டே வரிதான். 'ராஜா வெட்டச் சொல்வார். ஆட்கள் உளியால் வெட்டுவார்கள்.' பூஜ்யம்.

"நீதானேப்பா மகாபலிபுரத்துல காட்டின? அது குகை இல்லையா?" என்றாள். அழவில்லை. ஆனால் நான் ஏதோ அவளை மாட்டிவிட்டதுபோல ஒரு பார்வை.

புத்தகத்தைப் புரட்டினேன். மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது, நிலத்தடியில் வெற்றிடம் உண்டாகிறது, கூரையிலிருந்து கல்விழுதுகள் தொங்குகின்றன. பக்கத்திலேயே வண்ணப்படம். எதுவும் தப்பில்லை. அந்தப் படத்திலிருக்கும் மாதிரி ஒரு குகையைப் பார்க்க வேண்டுமென்றால் மயிலாப்பூரிலிருந்து ஓர் இரவு பயணம் செய்து ஆந்திராவின் பேலம் குகைக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் ஒரு பழைய ஜோக் உண்டு. ப்ரோக்ராம் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் எழுதினவன் சொல்வான்: "என் மெஷின்ல ஓடுதே." பாடப்புத்தகத்தின் குகை கர்னூல் பக்கம் நன்றாக ஓடும். சென்னையில் ஓடாது.

அந்த வார இறுதியில் சமையலறையிலேயே ஒரு சோதனை செய்தோம். நான் முதலில் சாக்பீஸை வினிகரில் போட்டுக் காட்டினேன். நுரைக்கவே இல்லை. மானம் போயிற்று. பிறகுதான் உறைத்தது, இப்போது கடைகளில் கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், சுண்ணாம்புக்கல் இல்லை. முட்டை ஓட்டைப் போட்டோம். பொங்கிற்று. பெசன்ட் நகர் கடற்கரையில் பொறுக்கிவந்த கிளிஞ்சலைப் போட்டோம். அதுவும் நுரைத்தது. கடைசியாக, தெருமுனையில் பழைய ஃப்ளாட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்களே, அங்கே கொட்டிக்கிடந்த ஜல்லியில் ஒன்றை எடுத்துவந்து போட்டோம். அது பாட்டுக்குக் கிடந்தது. ராத்திரி முழுக்க வினிகரில் ஊறிய பிறகும் காலையில் அதே கல்.

சுண்ணாம்புக் குகையின் கதை முழுக்க அந்த நுரையில்தான் இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக லேசான அமிலமாகிறது. சோடாவைவிடப் பலவீனமான அமிலம். ஆனால் அதற்கு அவசரமில்லை. பாறையின் விரிசல் வழியே இறங்கிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. பிறகு அந்த நீர் குகையின் கூரையிலிருந்து சொட்டும்போது வாயு வெளியேறிவிட, கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படிகிறது. அதுதான் கல்விழுது. அது மிக மிக மெதுவாகத்தான் வளரும். ஜல்லியோடு இந்த வேலையெல்லாம் நடக்காது.

மெட்ராஸ்காரர்கள் இந்தக் குறையை வேறுவிதமாகச் சமாளித்தார்கள் என்பது ஒரு கிளைக்கதை. பக்கத்தில் நல்ல சுண்ணாம்புப் பாறை இல்லாததால் கடற்கரைக் கிளிஞ்சல்களைச் சுட்டு நீற்றினார்கள். பளிங்கு மாதிரி வழுவழுப்பாகத் தேய்த்த 'மெட்ராஸ் சுனாம்' பூச்சைப் பார்த்து வெள்ளைக்காரப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். இந்த நகரத்தின் சுண்ணாம்பு மலையிலிருந்து இறங்கவில்லை, கடலிலிருந்து ஏறியது.

அந்த ஜல்லி எது? கட்டட மேஸ்திரிகள் அதை 'ப்ளூ மெட்டல்' என்பார்கள். கருநீலம், உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினதுபோல ஒரு மினுமினுப்பு. நிலவியலில் அதற்குப் பெயர் சார்னோக்கைட். அந்தப் பெயர் வந்த வழி இன்னும் வேடிக்கை. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1690களின் தொடக்கத்தில் இறந்தார். கல்கத்தா வண்டல் மண் ஊர். கல்லறைக்குக் கல் கிடையாது. மெட்ராஸ் பக்கத்துக் கறுப்புக் கல் கப்பலில் போயிற்று. இருநூறு வருடம் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் அதே பாறை என்று கண்டு, 1893இல் செத்துப்போன மனிதரின் பெயரையே கல்லுக்கும் வைத்தார். அன்டார்க்டிகாவில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் இன்றைக்கு அதன் பெயர் சார்னோக்கைட்தான். நம்மூர்க் கல், கல்கத்தாக்காரன் பெயர். பரங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். அந்த மலைக்கு ஏறுகிற நூறு பேரில் ஒருவருக்காவது இது தெரிந்தால் ஆச்சரியம்.

அதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவான பாறை. மேலே இருந்ததெல்லாம் அரிந்துபோன பிறகு வெளியே வந்தது. 250 கோடி என்று ஒன்பது வயதுக் குழந்தையிடம் சொன்னால் அது வெறும் 'நெறைய'. அதனால் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர். மகளின் வயது ஒன்பது மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம். பல்லவ மகேந்திரவர்மன் சுமார் 1.4 மீட்டர், அவளைவிடக் கொஞ்சம் உயரம். அத்திரம்பாக்கத்தில் கிடைத்த மிகப் பழைய கற்கருவிகள் ஒன்றரைக் கிலோமீட்டர், நடந்தே போகலாம். பரங்கிமலைப் பாறை 2500 கிலோமீட்டர். ரயில் ஏறி டெல்லியையும் தாண்டவேண்டும். "அப்ப ராஜா ரொம்பப் பக்கத்துலதான் இருக்காரு" என்றாள். ஆமாம், கைக்கு எட்டுகிற தூரம்.

சரி, கரையாத பாறையில் குகை எப்படி வரும்? மூன்று வழிகள் எனக்குத் தெரிந்தவை. பாறை வெடித்து, பிளந்து, பெரிய உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இடுக்கு உண்டாகலாம். கொடைக்கானல் குணா குகை அப்படிப்பட்டதுதான். 'மஞ்சும்மல் பாய்ஸ்' பார்த்த குழந்தைகளுக்கு விளக்கமே வேண்டாம். அதுவும் சார்னோக்கைட் மலை. இரண்டாவது, கடினமான அடுக்குக்குக் கீழே இருக்கும் இளகிய அடுக்கு அரிந்துபோய் மேலே கூரை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கலாம். மூன்றாவது, ராஜா வெட்டச் சொல்லலாம்.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருந்தன. விடர் என்றால் பிளவு. அளை என்றால் வளை; நண்டுக்கும் உண்டு, புலிக்கும் உண்டு. முழை, முழைஞ்சு, மதுரைப் பக்கத்துப் பொடவு. மனிதன் வெட்டினால் குடைவரை, குடைந்த மலை. நாம் எல்லாவற்றையும் 'குகை' என்ற ஒற்றை வடசொல்லில் போட்டு மூடிவிட்டு, பிறகு குழந்தையிடம் அது எப்படி உருவாகிறது என்று ஒற்றை விடை கேட்கிறோம். கேள்வித்தாளில் 'முழைஞ்சுகள் எவ்வாறு உருவாகின்றன' என்று இருந்திருந்தால் அவள் ராஜாவைக் கூப்பிட்டிருக்கமாட்டாள்.

முதலில் போனது சின்னமலை. மெட்ரோவில் போனால் ஸ்டேஷன் பெயரே அதுதான். அடையாற்றுக்குத் தெற்கே ஒரு சிறு குன்று, அதன்மேல் 1970களில் கட்டிய வட்டமான தேவாலயம், பக்கத்தில் போர்த்துக்கீசியர் 1551இல் கட்டிய சிறு கோயில், அதற்குள் குனிந்து நுழையவேண்டிய ஒரு பாறையிடுக்கு. இயேசுவின் சீடர் தோமையார் துரத்தியவர்களிடமிருந்து இங்கே ஒளிந்திருந்தார் என்பது மரபு. சுவரில் அவர் கை பதிந்த தடம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். ஒரு பாட்டி அதில் கை வைத்துவிட்டு என் மகளையும் வைக்கச் சொன்னார். வைத்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "நெஜமா அவர் இங்க ஒளிஞ்சிருந்தாரா?"

இந்த இடத்தில் அப்பாக்கள் வழக்கமாக இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார்கள். 'ஆமாம்' என்று முடித்துவிடுவது, அல்லது 'அதெல்லாம் கதை' என்று முடித்துவிடுவது. நான் தெரிந்ததைச் சொன்னேன். தோமையார் முதல் நூற்றாண்டில் இங்கே வந்தார் என்பது கிறிஸ்தவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கரையில் அவருடைய கல்லறை இருப்பதாகவும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே வருவதாகவும் எழுதினார். நடுவிலிருக்கும் ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு இந்த இடுக்கில் எந்தச் சாட்சியும் இல்லை. கல்லுக்கு அவரைத் தெரியாது. பாட்டிக்குத் தெரியும். "ரெண்டும் எழுதலாமா?" என்றாள். ஒரு நோட்டு ஆரம்பித்திருந்தாள், இடப்பக்கம் 'கல் சொன்னது', வலப்பக்கம் 'ஆட்கள் சொன்னது'. அந்தப் பிரிவை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பொறாமையாக இருந்தது.

அடுத்தது குடியம். பூண்டி ஏரிக்குப் பக்கம், சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர்போல. அங்கே போவதற்கு முன் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தியாவின் பழைய கற்காலம் சென்னையின் ஒரு பள்ளத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

ஃபூட் நிலவியல் ஆய்வுத்துறையில் வேலைக்குச் சேர்ந்தது 1858. மறுவருடம் ஐரோப்பாவில் ஒரு பெரிய விவாதம் முடிவுக்கு வந்தது. பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த கற்கள் மனிதன் செதுக்கியவைதான் என்று ஆங்கில அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஃபூட்டுக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது: அங்கே உண்டென்றால் இங்கே ஏன் இருக்கக்கூடாது? 1863 மே 30, உச்சி வெயில் காலம், பல்லாவரம் ராணுவ மைதானத்துக்குப் பக்கத்தில் சரளை தோண்டிய ஒரு குழியில் ஒரு கல்லை எடுத்தார். கைக்கோடரி. அவருக்கு அப்போது 28 வயது. அதே வருடம் செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு கொற்றலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அங்கே ஒன்றிரண்டு இல்லை, ஏராளம்.

அந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவும் பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, 2011இல் 'சயன்ஸ்' இதழில் அந்தக் கருவிகள் குறைந்தது பத்து லட்சம், சராசரியாகப் பதினைந்து லட்சம் ஆண்டுகள் பழையவை என்று வெளியிட்டார்கள். 2018இல் 'நேச்சர்' இதழில் இன்னொரு கட்டுரை: மேலடுக்கில் கிடைத்த நுட்பமான இடைப் பழங்கற்காலக் கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. இந்தக் குழுவின் சர்மா பாரம்பரியக் கல்வி மையம் குழந்தைகளுக்குத் தொல்லியலைச் சொல்லிக்கொடுப்பதையும் தன் வேலையாக வைத்திருக்கிறது. ஆய்வுக்கட்டுரைக்கு வெளியே, மண்ணோடும் கல்லோடும்.

குடியம் ஊரிலிருந்து புதர்க்காட்டு வழியே நடக்கவேண்டும். போகும் வழியெல்லாம் காலடியில் உருண்டைக் கூழாங்கற்கள். திடீரென்று மரங்களுக்கு நடுவே ஒரு பிரம்மாண்டமான கல்வளைவு, உட்புறம் குடைந்த சங்குபோல. புத்தகப் படம் எதிர்பார்த்து வந்த இரண்டு பிள்ளைகள் (அபார்ட்மென்ட்டிலிருந்து இன்னும் இருவரைச் சேர்த்திருந்தோம்) ஏமாந்துபோனார்கள். இருட்டு இல்லை, சுரங்கப்பாதை இல்லை, வௌவால்கூட அதிகமில்லை. கூரை மட்டும்தான். "அங்கிள், இதுக்கா இவ்ளோ நடந்தோம்?"

"மேல பாருங்க" என்றேன்.

கூரை முழுக்கக் கூழாங்கற்கள். முட்டை அளவு, தேங்காய் அளவு, பூசணி அளவு. மணலில் பதித்து இறுக்கினதுபோல, கான்கிரீட்டை உடைத்தால் தெரியுமே அப்படி. பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் பழையது. எங்கள் கணக்கில் ராணிப்பேட்டை தூரம். டைனோசர் காலத்து ஆறுகள் மேற்கு மலைகளிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த குவார்ட்சைட் கற்கள் இவை. மணல் மெதுவாக உதிர, கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, குகை ஆழமாகிறது. விழுந்த அதே கல்லைத்தான் அத்திரம்பாக்கத்து மனிதர்கள் எடுத்து உடைத்துக் கோடரி செய்தார்கள். குகையின் கூரைதான் கருவியின் கச்சாப்பொருள்.

ஒரு பையன் உடனே இரண்டு கற்களை எடுத்து மோதப் போனான். கண்ணில் தெறிக்கும் என்று தடுத்தேன். அதோடு, இங்கே எந்தக் கல் வெறும் கல், எந்தக் கல் யாரோ செதுக்கியது என்று நமக்குத் தெரியாது, எதையும் எடுத்துப்போகவும் கூடாது.

அவர்களுக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி இங்கே அகழ்ந்து பார்த்தார். கருவிகள் கிடைத்தன. ஆனால் ஆட்கள் இங்கே நீண்டகாலம் குடியிருந்ததாகத் தெரியவில்லை. குகைமனிதன் என்று நாம் சொல்கிறோமே, அந்த மனிதன் இங்கே பெரும்பாலும் ஆற்றோரத்துத் திறந்த வெளியில்தான் வாழ்ந்திருக்கிறான். குகையில் மழைக்கு ஒதுங்கியிருக்கலாம். இப்போது அங்கே ஊர்மக்கள் கும்பிடும் அம்மன் இருக்கிறாள். நாங்கள் போன அன்று எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நோட்டின் வலப்பக்கத்தில் ஒரு வரி கூடிற்று.

ஃபூட்டுக்கும் இந்தக் குறை இருந்திருக்கவேண்டும். ஐரோப்பியக் குகைகளில் எலும்பும் கருவியும் அடுக்கடுக்காகக் கிடைத்த காலம் அது. அவர் 1880களில் கர்னூல் பக்கம் பில்லசுர்கம் சுண்ணாம்புக் குகைகளைத் தேடிப்போனார். அங்கே பெருமளவு தோண்டியது அவருடைய மகன், ராணுவ அதிகாரி ஹென்றி. அழிந்துபோன விலங்குகளின் எலும்புகள் கிடைத்தன. சுண்ணாம்பு எலும்பைக் காப்பாற்றும். நம்மூர் அமில மண் தின்றுவிடும். அத்திரம்பாக்கத்தில் கருவி செய்த கைகளின் எலும்பு ஒன்றுகூட நமக்குக் கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்றதும் பிள்ளைகள் சற்று அமைதியானார்கள். ஃபூட் சேகரித்ததெல்லாம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மே மாத லீவில் போய்ப் பார்க்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தக் கற்கள் இருக்கின்றன, இந்தப் பக்கம் ஃபேன் இருக்காது.

காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் மாமண்டூரையும் சேர்க்கவேண்டும் என்று திட்டம், இன்னும் முடியவில்லை. ஒரே மலையில் தமிழ் பிராமி எழுத்துள்ள இயற்கை முழைஞ்சும் பல்லவர் குடைவரைகளும் இருக்கின்றன. அந்தப் பழைய கல்வெட்டில் வேலை செய்த தச்சனும் இடம்பெற்றிருக்கிறான். சமண முனிவர்கள் தங்கிய இப்படிப்பட்ட இடங்களில் பாறையின் நெற்றியில் ஒரு நீளமான காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். மொத்தக் குகையையும் வெட்ட வேண்டாம், ஒரு கோடு போதும். இயற்கைக் குகை வீடாக மாறுவது அந்தக் கோட்டில்தான்.

கடைசியாகப் பல்லாவரம். மகள் கேட்டுக்கொண்டே இருந்த இடம். பழைய பல்லாவரத்துக் குன்றின் சரிவில் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய குடைவரை. உத்திரங்களில் அவனுடைய பட்டப்பெயர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மண்டகப்பட்டுக் கல்வெட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் செய்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டவன் அவன். அந்தப் பெருமைக்கு நியாயம் உண்டு. அஜந்தாவின் எரிமலைப் பாறையோடு ஒப்பிட்டால் நம்மூர்க் கல் உளிக்கு மசியாது. மகாபலிபுரத்தில் பாதியில் விட்ட குடைவரைகளில் முறை தெரியும்: பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கோடுகளை ஆழமாக வெட்டி, நடுவில் நிற்கும் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்திருக்கிறார்கள். மகள் அதைப் பார்த்துவிட்டு "சாக்லேட் பார்" என்றாள்.

பல்லாவரம் குடைவரை இப்போது தர்கா. ஊரில் சிலர் பஞ்சபாண்டவர் மலை என்றும் சொல்கிறார்கள்; தமிழ்நாட்டில் யார் வெட்டினார்கள் என்று மறந்துபோன எல்லாக் குகையையும் பாண்டவர்கள் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். வாசலில் இருந்த பெரியவர், "செருப்பக் கழட்டிட்டு உள்ள போம்மா" என்றார். சுண்ணாம்பும் பெயிண்டும் பூசிப் பூசித் தூண்களின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. பின்சுவரில் ஐந்து அறைகள். ஊதுவத்தி வாசம். மகள் தூணில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எவ்ளோ நாள் வெட்டியிருப்பாங்க தாத்தா?" என்று பெரியவரிடமே கேட்டாள். "நம்ம கணக்குக்கு வராதும்மா" என்றார் அவர்.

வெளியே நின்று பார்த்தால் சுற்றிலும் வேறுவிதமாக வெட்டிய மலை தெரிகிறது. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளைப் பல தலைமுறைகளாக வெடிவைத்து எடுத்து ரோடாகவும் ஃப்ளாட்டாகவும் ஆக்கியிருக்கிறோம். எங்கள் தெருமுனை ஜல்லியும் இதே பாறைக்குடும்பம். கைவிட்ட கல்குவாரிகளில் தண்ணீர் நிற்கிறது. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் நகரத்துக்குக் கொடுத்தார்கள். நான் குளித்த தண்ணீரிலும் அது கலந்திருக்கலாம். மகேந்திரவர்மன் ஒரு மலைக்குள் ஐந்து அறைதான் எடுத்தான். நாங்கள் மலையையே எடுத்தோம். ஃபூட் கைக்கோடரி எடுத்த குழி எந்தக் கட்டடத்துக்குக் கீழே இருக்கிறதோ.

"அந்தப் பள்ளமும் குகைதானா?" என்றாள் மகள்.

"கூரை இல்லையே."

"யாரு வெட்டச் சொன்னாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் மறுபடி உள்ளே ஓடி, தூணின் அடியில் வெள்ளை உதிர்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். கீழே கருநீலக் கல், மேலே காகித கனத்துக்கு வெள்ளைப் பூச்சு. விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இது சுண்ணாம்பு தானே? அப்ப இதுவும் சுண்ணாம்புக் குகைதான்ப்பா. வினிகர் ஊத்தினா நுரைக்கும்ல?"

ஊற்றக்கூடாது என்றேன். பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.